செயின்சா பார், செயின்: எண்ணெயும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயின்சா என்னும் மரம் அறுக்கும் மெஷினை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் என்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஸ்டார்ட் ஆகிறதா, பெட்ரோல் கலவை சரியா, கார்புரேட்டர் அடைத்துக்கொண்டதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். என்ஜின் புதிதுபோல ஓடிக்கொண்டிருக்கும்போதே பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளமான எஃகுத் தகடு) பல் வைத்த செயினும் கருகித் தேய்ந்து போயிருக்கும். இவை இரண்டையும் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை. செயினில் கை வைக்கும் எந்த வேலைக்கும் என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். கையுறை போடுங்கள். ஓடாமல் நிற்கும் செயினும் விரலைக் கிழிக்கும்.

டேங்க் நிறைய ஆயில் ஊற்றினேன். அப்படியும் பார் சூடாகிப் புகைகிறதே, ஏன்?

டேங்கில் எண்ணெய் இருப்பது வேறு, செயினில் எண்ணெய் இருப்பது வேறு. இந்த ஒன்று மனதில் பதிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு நாள் டேங்கை வழிய நிரப்பிக்கொண்டு, நன்றாகக் காய்ந்த தடிமனான கட்டை ஒன்றை அறுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பார் நுனியிலிருந்து மெல்லிய புகை வந்தது. கட்டைதான் கருகுகிறது என்று நினைத்து அழுத்தி அறுத்தேன். நிறுத்திப் பார்த்தபோது பாரின் பெயின்ட் பொரிந்து உரிந்திருந்தது. அடி விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எஃகு அப்படி நீலமாக ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பாரின் கடினம் போய்விடும், பிறகு அந்த இடம் வேகமாகத் தேயும். ஆயில் மூடியைத் திறந்தால் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. பாரைக் கழற்றினேன். மெஷினோடு சேரும் அதன் அடிப்பகுதியில் இருக்கும் எண்ணெய்த் துளையில் மரத்தூளும் பழைய ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தன. அன்றைக்கு ஒரு பாரும் ஒரு செயினும் ஒன்றாகப் போயின.

எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டேங்குக்குள் ஒரு குழாய், அதன் முனையில் சின்ன வடிகட்டி. அங்கிருந்து பம்ப். பம்பிலிருந்து மெஷின் உடம்பில், பார் உட்காரும் இடத்தில் உள்ள ஒரு வாய். அந்த வாய்க்கு நேராகப் பாரில் ஒரு துளை. துளை வழியாகப் பாரின் விளிம்பில் ஓடும் காடிக்குள் (நீளமான பள்ளத்துக்குள்) எண்ணெய் இறங்குகிறது. செயினில் காடிக்குள் ஓடும் நாக்குகள் (டிரைவ் லிங்க் என்று சொல்வார்கள்) அந்த எண்ணெயை வாரிக்கொண்டு மேல் விளிம்பு வழியாக நுனிவரை போய், நுனியைச் சுற்றிக்கொண்டு அடி விளிம்புக்கு வருகின்றன. நாம் பெரும்பாலும் அறுப்பது அடி விளிம்பால். அதாவது, எண்ணெய் அதிகம் தேவைப்படும் இடம் அந்தப் பயணத்தின் கடைசியில் இருக்கிறது. நடுவில் எங்கே அடைத்தாலும் முதலில் காய்வது அதுதான்.

செயினுக்கு ஆயில் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிதாக அறுத்த அடிமரத்தின் வெளிறிய முகத்துக்கோ, ஒரு அட்டைக்கோ நேராகப் பார் நுனியைக் காட்டுங்கள். ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். தரையிலோ மரத்திலோ செயின் படக் கூடாது. பாதிக்கு மேல் ஆக்சிலரேட்டர் கொடுத்துச் சில நொடிகள் ஓட்டுங்கள். எண்ணெய் வந்தால் அந்த முகத்தில் பொடிப் பொடியாகத் தெறித்து, கொஞ்ச நேரத்தில் ஒரு கோடாகத் தெரியும். அரை நிமிடம் ஆகியும் எதுவும் தெரியவில்லை என்றால் அறுக்கத் தொடங்காதீர்கள்.

இன்னொரு சோதனையை வேலையோடு வேலையாகச் செய்யலாம். பெட்ரோல் டேங்க் காலியாகும்போது ஆயில் டேங்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படிதான் பெட்ரோல் மெஷின்களை அமைக்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் முக்கால் டேங்க் நிற்கிறதா? அடைப்பு இருக்கிறது. பெட்ரோலுக்கு முன்னாலேயே ஆயில் தீர்ந்துவிடுகிறதா? ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதிகம் திறந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் ஆயிலும் ஊற்றுங்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆயில் வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பாரிலிருந்து தொடங்கி டேங்கை நோக்கிப் பின்னால் போங்கள். பெரும்பாலான அடைப்பு பாரிலேயே அகப்பட்டுவிடும்.

பக்க மூடியைக் கழற்றி, செயினையும் பாரையும் வெளியே எடுங்கள். பாரின் அடிப்பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு சின்ன எண்ணெய்த் துளைகள் இருக்கும். பாரைத் திருப்பிப் போட்டாலும் ஒன்று வாய்க்கு நேராக வர வேண்டும் என்பதற்காக இரண்டு. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றினால் கறுப்புக் களிம்பு புழு மாதிரி வெளியே வரும். கம்பியின் முனை காடிக்குள் எட்டிப் பார்க்கும்வரை விடாதீர்கள். அடுத்து, காடி முழுவதையும் அதன் அகலத்துக்குப் பொருந்தும் மெல்லிய தகட்டால் அடிப்பகுதியிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள். பழைய ஹேக்சா பிளேடின் துண்டு பல பார்களின் காடிக்குள் நுழையும். பிறகு மெஷின் உடம்பில் இருக்கும் வாயைத் துடையுங்கள்.

இனி, பார் இல்லாமலே மெஷினைக் கொஞ்சம் ஓட்டி அந்த வாயில் எண்ணெய் ஊறுகிறதா பார்க்கலாம். கை, துணி, சட்டைக் கை எதுவும் ஸ்பிராக்கெட் (செயினை இழுத்து ஓட்டும் பல் சக்கரம்) பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் கிளட்ச் பிடித்து ஸ்பிராக்கெட் சுற்றினால்தான் பம்பும் சுற்றும்; சும்மா ஐடிலில் விட்டுவிட்டு எண்ணெய் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எண்ணெய் வந்தால் கோளாறு பாரோடு முடிந்தது. வரவில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, வளைந்த கம்பியால் உள்ளே இருக்கும் வடிகட்டியை வெளியே இழுத்துக் கழுவுங்கள். டேங்குக்குக் காற்று போகும் சின்ன வால்வும் அடைத்திருக்கலாம். மூடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் எண்ணெய் வர ஆரம்பித்தால் அந்தக் காற்று வழிதான் காரணம். இவ்வளவுக்கும் பிறகு வரவில்லை என்றால் பம்ப், அல்லது அதைச் சுற்றும் வார்ம் கியர் தேய்ந்திருக்கும். கிளட்சைக் கழற்ற வேண்டிய வேலை அது. பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

பார் ஆயில் என்று தனியாக வாங்கத்தான் வேண்டுமா? எல்லாம் எண்ணெய்தானே?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர மெஷின் ஒன்றில் ஸ்பிராக்கெட்டுக்கு 7 பல், செயின் பிட்ச் (அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின், அதாவது இணைப்பு ஆணிகளின், மொத்த இடைவெளியில் பாதி) 0.325 அங்குலம், அதாவது 8.255 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பல்லுக்கு ஒரு நாக்கு, அதாவது இரண்டு பிட்ச் நகர்வதால், ஸ்பிராக்கெட் ஒரு முறை சுற்றினால் செயின் சுமார் 116 மி.மீ. நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 19 மீட்டருக்கு மேல். 64 நாக்குள்ள செயினின் மொத்த நீளம் ஒரு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆக, ஒவ்வொரு பல்லும் ஒரே நொடியில் ஏறக்குறைய 18 தடவை பாரைச் சுற்றி வந்துவிடுகிறது.

அந்த வேகத்தில் நுனியில் திரும்பும்போது சாதாரண எண்ணெய் செயினைவிட்டுப் பறந்துபோகும். அடி விளிம்புக்குத் திரும்பி வரும் செயின் காய்ந்தே வரும். பார் ஆயிலில் ஒட்டுத்தன்மை தரும் பாலிமர் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டு வைத்துப் பிரித்துப் பாருங்கள். பலாப் பிசின் மாதிரி இழை இழையாக நீளும். நுனியைச் சுற்றியும் எண்ணெய் செயினிலேயே தங்குவது அந்த இழையால்தான். என் கருத்தைக் கேட்டால், இந்த ஒரு பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

குளிரில் எண்ணெய் கெட்டியாகிப் பம்ப் இழுக்கத் திணறும், வெயிலில் இளகி ஓடும். பருவத்துக்கு ஏற்ற பிசுபிசுப்பில் வாங்குவது நல்லது.

அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றலாமா? வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆயில்? சமையல் எண்ணெய்?

புதிய என்ஜின் ஆயில், 30 கிரேடு போல, ஒரு நாள் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஒட்டாது, அதிகம் செலவாகும், ஆனால் காய விடுவதைவிட எவ்வளவோ மேல். திருகைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

பழைய ஆயில் வேண்டவே வேண்டாம். சும்மா கிடைக்கிறதே என்று பலர் ஊற்றுகிறார்கள். இரண்டு காரணங்களுக்காக நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன். ஒன்று, அதில் என்ஜின் தேய்ந்த உலோகப் பொடியும் கரியும் கலந்திருக்கிறது; அது பம்பையும் காடியையும் அரத்தால் ராவுவது போல ராவும். இரண்டாவது, இதைவிட முக்கியம்: செயின்சாவில் ஊற்றும் எண்ணெய் திரும்பி டேங்குக்கு வருவதில்லை. ஒரு சொட்டு விடாமல் எல்லாம் வெளியே போகிறது. பாதி மண்ணில், மரத்தூளில். மீதி பனித்துளி மாதிரி தெறித்து உங்கள் கையில், முகத்தில், மூச்சில். பழைய என்ஜின் ஆயிலில் இருக்கும் பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் வகைச் சேர்மங்களில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. நாள் முழுக்க அதற்குள் நிற்பதற்கு எந்த மிச்சமும் ஈடாகாது.

தாவர எண்ணெய் விஷயம் வேறு. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயை அடிப்படையாக வைத்தே மண்ணில் மக்கும் பார் ஆயில்களைத் தயாரிக்கிறார்கள். கிணற்றடியிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் கடையில் வாங்கும் வெறும் சமையல் எண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகும். மெஷினைச் சில வாரம் சும்மா வைத்தால் செயின் பாரோடு ஒட்டிக்கொள்ளும், பம்பும் சிக்கிக்கொள்ளும். சமையல் எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கொஞ்சம் பார் ஆயில் ஊற்றி ஓட்டி, வழியைக் கழுவிவிடுங்கள்.

ஆயில் திருகை எவ்வளவு திறந்து வைப்பது?

எல்லா மெஷினிலும் திருகு இருக்காது. இருந்தால் பெரும்பாலும் அடிப்பக்கம், கிளட்ச் பக்கத்தை ஒட்டி இருக்கும். நீளமான பார், காய்ந்த மரம், கடினமான மரம், பட்டை தடித்த மரம்: இவற்றுக்கு அதிகம். சின்ன பார், பச்சை மரம்: குறைவு. எவ்வளவு கூட்டினாலும் பெட்ரோலுக்கு முன் ஆயில் தீரக் கூடாது என்பது எல்லை.

பார் நுனிச் சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்க வேண்டுமா?

நுனியில் கிரீஸ் துளை இருந்தால் வையுங்கள். இல்லை என்றால் செயினோடு வரும் எண்ணெயே போதும் என்று அமைத்திருக்கிறார்கள், நீங்களாகத் துளை போட வேண்டாம். மேலே போட்ட கணக்கில் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு 6000 சுற்றை ஒட்டிச் சுற்றுகிறது. அதைத் தாங்குவது ஊசி ஊசியான உருளைகள் உள்ள ஒரு பேரிங்.

முதலில் துளையைத் துடையுங்கள். தூளோடு கிரீஸை அழுத்தினால் அந்தத் தூள் பேரிங்குக்குள் போய் உட்காரும். பிறகு சின்ன கிரீஸ் கன்னால் அழுத்தியபடி சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பல்லுக்கு நடுவே முதலில் கறுப்பாக வரும், அப்புறம் புதுக் கிரீஸின் நிறத்தில் வரும். அதுதான் அளவு. கிரீஸ் வைக்க ஆரம்பித்தால் தொடர்ந்து வையுங்கள். பழைய கிரீஸ் உள்ளே காய்ந்து நிற்கும்போது செயின் எண்ணெயும் உள்ளே இறங்காது.

செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

அடிப்பக்கம் தொங்கக் கூடாது. கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைய வேண்டும்.

பார் நட்டுகளைத் தளர்த்தி, பார் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படித் தூக்கியபடியே இறுக்கும் திருகைத் திருப்புங்கள். அடிப்பக்கச் செயின் பாரின் விளிம்பைத் தொட்டதும் நிறுத்தி, நுனியை விடாமலே நட்டை முறுக்குங்கள். நுனியைத் தூக்காமல் இறுக்கினால், அறுக்கும்போது பார் மேலே எழும்பி செயின் உடனே தளர்ந்துவிடும். பலர் செய்யும் தவறு இது. பிறகு செயின் பிரேக்கை விடுவித்து, கையுறையோடு செயினை இழுத்துப் பாருங்கள்.

சூடான செயின் நீண்டிருக்கும். அந்த நிலையில் முழுதாக இறுக்கினால் ஆறும்போது சுருங்கி, பாரையும் கிராங்க் பேரிங்கையும் சேர்த்து இழுக்கும். வேலைக்கு நடுவே இறுக்க வேண்டி வந்தால் கொஞ்சம் ஆற விடுங்கள். அப்படியும் சூட்டோடு இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட்டு வையுங்கள். இறுக்கம் அதிகமானால் எண்ணெய் நிற்க இடமில்லாமல் உலோகமும் உலோகமும் உரசும். இறுக்கமும் எண்ணெய்ச் சங்கதிதான்.

புதுச் செயின் அரை மணிக்கு ஒரு முறை தளர்கிறது. மட்டமான செயினா?

இல்லை. எஃகு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு ரிவெட்டும் தன் துளையில் உட்கார்ந்து படிகிறது. ஒரு ரிவெட்டில் மயிரிழை அளவு, நூற்றுக்கு மேற்பட்ட ரிவெட் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் தொய்வு. முதல் நாள் அடிக்கடி பாருங்கள், போகப் போகக் குறைந்துவிடும்.

புதுச் செயினைப் போடுவதற்கு முதல் நாள் இரவு ஒரு தட்டில் பார் ஆயில் ஊற்றி அதில் ஊறப் போடுவது என் வழக்கம். ரிவெட்டின் உள்ளே எண்ணெய் போகும் வாய்ப்பு அதற்குப் பிறகு குறைவு. மாட்டியதும் சில நிமிடம் மரம் தொடாமல் மிதமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு இறுக்கம் பார்த்துவிட்டு, சின்னக் கிளைகளில் தொடங்குங்கள்.

பாரைத் திருப்பிப் போடச் சொல்கிறார்களே, எதற்கு?

அடி விளிம்புதான் அதிகம் உழைக்கிறது. அதே பக்கம் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு விளிம்பு தேய்ந்து பார் கழிந்துவிடும், இன்னொரு விளிம்பு புதிதாகவே கிடக்கும். ஒவ்வொரு முறை செயினைக் கழற்றும்போதும் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். பாரில் அச்சிட்ட எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் தெரியட்டும்.

கழற்றிய கையோடு விளிம்பின் வெளிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டுப்பட்டால் அங்கே பிசிறு இருக்கிறது. செயின் அடித்து அடித்து விளிம்பு உருகிய மெழுகு போல வெளியே பிதுங்கியிருக்கும். விரல் சதையால் தடவாதீர்கள், ரம்பம் மாதிரி வெட்டும். பட்டை அரத்தால் பக்கவாட்டில் ராவி எடுங்கள். பிறகு விளிம்பின் மேல்முகத்தில் அரத்தைச் செங்குத்து மாறாமல் ஓட்டி இரண்டு விளிம்பையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டையான கண்ணாடி மேல் பாரை நிறுத்திப் பார்த்தால், சாயாமல் நேராக நிற்க வேண்டும்.

காடி ஆழம் குறைந்து நாக்கு அடியில் இடிக்க ஆரம்பித்தாலும், காடி அகன்று செயின் பக்கவாட்டில் ஆடினாலும் அந்தப் பாரின் ஆயுள் முடிந்தது. அடியில் இடிக்கும் நாக்கு எண்ணெய் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும்.

நேராகப் பிடித்தாலும் மெஷின் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கிறது. பாரா, செயினா?

பாரைத் திருப்பிப் போட்டு அறுத்துப் பாருங்கள். வளைவு எதிர்ப்பக்கம் மாறினால் பார்: ஒரு விளிம்பு இன்னொன்றைவிடத் தாழ்ந்திருக்கிறது. மாறாமல் அதே பக்கம் போனால் செயின்: இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் ஒரே நீளத்தில், ஒரே கூரில் இல்லை. பொதுவாகக் கை வாகான பக்கத்துப் பற்களை நன்றாகவும் மறுபக்கத்தை ஏனோதானோ என்றும் ராவுவதால் இது வருகிறது.

கூர் போடுவதற்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. மொட்டைப் பல் மரத்தைச் சீவாது, தேய்க்கும். நாம் அழுத்துவோம். அழுத்தினால் செயின் பார் விளிம்பில் அழுந்தி அங்கே இருக்கும் எண்ணெயை வெளியே தள்ளிவிடும். மொட்டைப் பல்லிலிருந்து வரும் மாவுத்தூள் எண்ணெயைக் குடித்துக் காடியை அடைக்கும். புகை வந்ததும் ஆயில் இல்லை என்று நினைத்து இன்னும் ஆயில் ஊற்றுவோம். வெளியே விழுவதைப் பாருங்கள்: கூரான செயின் என்றால் பட்டை பட்டையாகச் சீவல் விழும். மாவு மாதிரி விழுந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.

இன்று நாம் பயன்படுத்தும் பல்லின் வடிவத்துக்கு ஒரு புழுதான் மூலம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் 1946இல், அடிமரம் ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் வளைந்து, இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து, மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடினாலும் சீவிக்கொண்டே போயின. அதே மாதிரி இடம், வலம் என்று வளைந்த பற்களை அமைத்து 1947இல் செயின் விற்க ஆரம்பித்தார். அரத்தைப் பிடிக்கும்போது அந்த வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் காப்பாற்றத்தான் வட்ட அரம்.

அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) 3/8 அங்குலச் செயினுக்கு 4 மி.மீ., 0.325 செயினுக்கு 4.8 மி.மீ., முழு அளவு 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. செயின் அட்டையில் எழுதியிருப்பதே இறுதி. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்முகத்துக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி. அது பல்லின் மேலேயே கோடாகக் கீறியிருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி அதற்கு எத்தனை தள்ளு வேண்டுமோ பார்த்து, மற்றவற்றையும் அதே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு கொடுத்துவந்தால் பெரிய வேலையே வராது.

பல்லுக்கு முன்னால் திமில் மாதிரி ஒன்று நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று நிர்ணயிப்பது அது. பொதுவாகப் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும். பல் தேயத் தேய அதுவும் பட்டை அரத்தால் தாழ வேண்டும். நான்கைந்து கூருக்கு ஒரு முறை கேஜ் (இந்தத் தாழ்வை அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள். வேகமாக அறுக்கட்டும் என்று அளவுக்கு மேல் ராவிவிட்டால் செயின் மரத்தைக் கவ்வி, மெஷினை உங்கள் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். கேஜ் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

செயின் மண்ணில் பட்டுவிட்டது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?

ஒரு நொடி பட்டாலே கூர் போய்விடும். மணல் காடிக்குள்ளும் போயிருக்கும், அங்கே அது எண்ணெயோடு சேர்ந்து சாணைக்கல் வேலை செய்யும். பாரைக் கழற்றிச் சுரண்டுங்கள், கூர் போடுங்கள்.

பிசின் ஒட்டிக் கறுத்துப்போன செயினை எதில் கழுவுவது?

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, மறுபடி பார் ஆயிலில் ஊற வையுங்கள். கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவும்போது ரிவெட்டுக்குள் இருந்த எண்ணெயும் சேர்ந்துதான் போயிருக்கிறது. பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒரு பொறி போதும்.

ஸ்பிராக்கெட்டையும் மாற்ற வேண்டுமா?

செயினும் ஸ்பிராக்கெட்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்துபவை. பள்ளம் விழுந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினும் வேகமாகத் தேயும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது நல்ல கணக்கு. தேய்வுப் பள்ளம் அரை மி.மீ. ஆகிவிட்டால், இரண்டு செயின் முடிவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பேட்டரி மெஷினுக்கும் இதெல்லாம் உண்டா?

பாரும் செயினும் அதேதான், எண்ணெயும் அதேதான். ஒரே வித்தியாசம், பெட்ரோல் ஊற்றும்போது ஆயிலைப் பார்க்கும் சந்தர்ப்பம் இதில் இல்லை. பேட்டரி மாற்றும்போதெல்லாம் ஆயில் அளவைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த செயின் பேட்டரியையும் சீக்கிரம் தீர்க்கும்.

சும்மா வைத்திருந்தாலே அடியில் ஆயில் தேங்குகிறது. டேங்க் ஓட்டையா?

பெரும்பாலும் இல்லை. பக்க மூடிக்குள் சேர்ந்த மரத்தூள் குடித்த எண்ணெய் மெல்ல வடிகிறது. மூடியைத் திறந்து சுத்தமாகத் துடைத்து, அட்டைமேல் வைத்துப் பாருங்கள். பிறகும் வடிந்தால், மெஷின் சூடாக இருந்தபோது டேங்குக்குள் ஏறிய அழுத்தம் எண்ணெயைத் தள்ளுகிறது. ஆறியதும் மூடியை ஒரு முறை திறந்து மூடுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் குழாயோ டேங்கின் காற்று வால்வோ விட்டுப்போயிருக்கும்.

மழைக்காலம் முழுக்க மெஷினுக்கு வேலை இல்லை. எப்படி வைப்பது?

செயினையும் பாரையும் கழற்றிச் சுத்தம் செய்து, இரண்டிலும் எண்ணெய் தடவி, செயினை எண்ணெயோடு ஒரு மூடிய டப்பாவில் போட்டுவிடுங்கள். தாவர எண்ணெய் ஊற்றியிருந்தால் டேங்கைக் கட்டாயம் காலி செய்யுங்கள். மறுபடி எடுக்கும்போது அறுப்பதற்கு முன் அந்த அட்டைச் சோதனை.

செயினை எப்போது கழிப்பது?

பல்லின் பின்பகுதியில் சாய்வாக ஒரு குறி கீறியிருக்கும். அதுவரை ராவலாம், அதைத் தாண்டினால் பல் ஒடிந்து தெறிக்கலாம். எந்தப் பல்லிலாவது வெடிப்பு தெரிந்தாலும், ரிவெட் தளர்ந்திருந்தாலும், குறி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அன்றே கழித்துவிடுங்கள். நாக்கின் அடிமுனை நசுங்கி, காடிக்குள் கையால் இழுக்கவே சிக்கினால் அந்தச் செயினும் போக வேண்டியதுதான். அதற்குப் பதில் வரும் செயினை முதல் நாள் இரவே எண்ணெயில் போட்டு வையுங்கள். காலையில் பாரின் எண்ணெய்த் துளையில் கம்பி விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.